இலவசம் என்றால் சந்தேகப்படுவோம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிர் வீட்டு ஏகாம்பரம், மகள் கவிதாவோடு லேப்டாப்பும் கையுமாக வந்தார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பிஎச்.டி. செய்கிறாள். எலும்பு முறிந்தால் உள்ளே வைக்கிறார்களே டைட்டானியம் தகடு... அதன் மேல் பூசும் பூச்சுதான் ஆராய்ச்சி. சில தகடுகளில் பூச்சு நிற்கும், சிலவற்றில் உரிந்துவிடும். ஏன்? இரண்டு வருடமாகத் தெரியவில்லை.

அவளுக்கு வந்திருந்தது ஒரு மெயில். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அயனிக் கற்றைக் கருவி இருக்கிறதாம். மின்னூட்டம் ஏற்றிய அணுக்களைப் பாய்ச்சினால், தகட்டை உடைக்காமலே உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுமாம். எந்தக் கல்லூரிக்காரரும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது.

"இன்னா சார் இது? அம்மாம் பெரிய மிஷினை எவனாவது சும்மா குடுப்பானா? எங்க ஃபேக்டரில ஒரு ஸ்பானர் வாங்கவே மூணு கையெழுத்து" என்றார் ஏகாம்பரம்.

எனக்கும் அதே சந்தேகம். கூரியர் பெயரில் வந்த லிங்க்கைத் தொட்டுப் பணத்தை இழந்து சூடுபட்டவன் நான். தொடவே தொடாதே என்றேன்.

கவிதா மறுநாள் அந்த ஆய்வுக்கூடத்துக்கே போன் செய்து விசாரித்து, விண்ணப்பித்தும்விட்டாள். அங்கே நிபுணர் குழு கேள்விமேல் கேள்வி கேட்டு, கருவியில் இரண்டு நாள் ஒதுக்கியது. நான் விடுவேனா? உன் கண்டுபிடிப்பில் அவர்கள் பெயரைப் போட்டுக்கொண்டால் என்று கேட்டேன்.

"அங்கிள், நீங்க சொல்றதெல்லாம் கேட்டா நான் வீட்டை விட்டே கிளம்ப முடியாது."

கிளம்பினாள். ஆனால் எங்கள் பயம் அவளுக்கும் தொற்றியிருந்தது. தகடுகள் இருந்த டப்பாவை மடியை விட்டு இறக்கவே இல்லையாம். கருவியை இயக்கியவர் அதைக் கவனித்திருக்கிறார். தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, மானிட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தாராம். அப்புறம்தான் டப்பாவைக் கொடுத்தாளாம்.

இரண்டாம் நாள் மாலை ஏகாம்பரத்துக்கு போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, பூச்சு சரியாத்தான் இருக்கு. உரிஞ்ச தகடெல்லாம் சுத்த டைட்டானியமே இல்ல. இரும்பு கலந்திருக்கு. ரெண்டு வருஷமா என் கைதான் சரியில்லன்னு நெனச்சுகினு இருந்தேன்ப்பா."

ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தகடுகள் எங்கே வாங்கியவை? தரச் சான்றிதழோடு, பில் போட்டு, ஒரு கடையில்.

அங்கே மட்டும் எங்களில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை பாருங்கள்!