கிணற்றில் தொங்கிய பானை

பட்டாபிராமில் காலரா பரவிய அந்த வருஷம், தண்ணீருக்கு மருந்து போடும் வேலை ஜெயராமனுடையது. தெருக்கிணற்றில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினால் காலையில் நாறும், மாலையில் ஒன்றும் இருக்காது. ஏற்கனவே நாலு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதனால் அவர் ஒரு மண்பானையில் ஓட்டை போட்டு, பவுடரையும் மணலையும் கலந்து நிரப்பி, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். மருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

மறுநாள் பானை கிணற்றடியில் சுக்கல் சுக்கலாகக் கிடந்தது.

"எவனோ சூனியம் வெச்சிகீறான் அண்ணாத்தே. நான்தான் மேல தூக்கியாந்து ஒடச்சேன்" என்றாள் எதிர்வீட்டு வடிவு, பெருமையாக.

"வெச்சவன் நான்தாம்மா. அது மருந்து."

"மருந்தை யாராவது பானையில வெப்பாங்களா?"

ஜெயராமன் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாவது பானையையும் யாரோ உடைத்தார்கள். அதற்குள் வடிவின் மாமியாரும் படுத்துவிட்டாள்.

மூன்றாவது பானைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டி இறக்கினார். ஒருவரும் தொடவில்லை. பத்து நாளில் புதிதாக யாரும் படுக்கவுமில்லை.

வடிவு கிணற்றடியில் கற்பூரம் ஏற்றினாள். "ஆத்தா காப்பாத்திட்டா அண்ணாத்தே."

"சரிம்மா. ஆத்தாவுக்கு வாராவாரம் பவுடர் மாத்தணும். கயித்தை மட்டும் அவுத்துடாதே" என்றார் ஜெயராமன்.