பூச்சி மேடமும் கண்ணில்லாத மரவட்டையும்

கொல்லைப்புறக் குழாயடியில் குத்துக்காலிட்டு, ரப்பர் பூட்ஸின் அடியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறார் பூச்சி மேடம். ஒரு குகையின் மண் இன்னொரு குகைக்குப் போய்விடக் கூடாதாம்.

"அது என் பிரஷ்ஷா?" கதவிடுக்கில் கணவரின் முகம்.

"பழசுதாங்க."

"நேத்துதானேம்மா வாங்கினேன்!"

"இன்னிக்குப் பழசாயிடுச்சு."

மேடம் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறார். விடுமுறை வந்தால் ஊருக்கு வெளியே உள்ள குகைக்குள் வயிற்றால் ஊர்ந்து போய்விடுவார். அங்கே வாழும் வெளிறிய சிலந்தி, கண்ணில்லாத மரவட்டை, ஈரக்கல்லில் துள்ளும் பொடிப்பூச்சி எல்லோரும் அவருக்கு 'அவங்க'தான். மாணவர்களுக்கு அந்த மரியாதை கிடையாது.

போன வருடம் நகராட்சித் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது: குகையின் உள்ளறைவரை கலர் விளக்கு, வழியெல்லாம் சுற்றுலாக் கூட்டம். மேடம் சண்டைக்குப் போகவில்லை. "ஒரு தடவை உள்ள வந்து பாத்துட்டு அப்புறம் லைட்டு போடுங்க சார்" என்று பவ்யமாக அழைத்தார். மேடம் முன்னால் ஊர்ந்தார், தலைவர் நடுவில், கணவர் கடைசியில். உள்ளறைக்குப் போகும் இடுக்கில் தலைவரின் தலையும் தோளும் நுழைந்தன, வயிறு மறுத்துவிட்டது.

மேடம் அவர் முகத்தெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். டார்ச்சை மங்கலாக்கி, கல்லில் ஊர்ந்த சுண்ணாம்பு நிற மரவட்டையைக் காட்டினார்.

"இவங்களுக்குக் கண்ணே இல்ல சார்."

"அப்ப லைட்டு போட்டா என்ன, போடாட்டி என்ன? முதல்ல என்னை வெளிய எடுங்க மேடம்!"

"லைட்டுச் சூட்டுல ஈரம் காஞ்சுடும். வெளிச்சத்துக்குப் பாசி வரும், பாசிக்கு வெளிப்பூச்சி வரும். அதோட இவங்க கதை முடிஞ்சுது. இந்தக் குகைய விட்டா இவங்களுக்கு வேற எங்கயும் வீடு கிடையாது சார்."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் குறும்பு இல்லை.

மரவட்டை தலைவரின் மூக்கை நோக்கி நிதானமாக வந்தது. அவர் பயத்தில் மூச்சை அடக்க, வயிறு உள்ளே போனது.

"அப்படியே இருங்க சார்! ஏங்க, காலைப் பிடிச்சு இழுங்க!"

வெளியே வந்த தலைவர் சட்டையைத் தட்டிக்கொண்டார். பிறகு, "விளக்கெல்லாம் வாசலோட நிக்கட்டும். பாவம், வேற போக்கிடம் இல்லையே" என்றார்.

உள்ளறைக்குக் கம்பிக்கதவு வந்தது. அதைப் பூட்டிய அன்று, குகையைத் தான் தனியொருவராகவே காப்பாற்றியதாகத் தலைவர் பேசினார். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் மேடம்தான். பேச்சு முடிந்ததும் தலைவர், "சாவி?" என்று கையை நீட்டினார்.

மேடம் அந்தக் கையைப் பிடித்து அன்பாகக் குலுக்கிவிட்டு, சாவியோடு நடையைக் கட்டினார்.