ஒட்டுக்குக் கீழே கிளம்பிய கிளை

அந்த ரோஜாமேல் எனக்கு வந்த கோபத்துக்கு ரோஜா காரணமில்லை. என் வீட்டுக்காரர் சிவகங்கையில் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “மதினி, செடி எப்படி இருக்கு?” என்பார். ஆறு நாள் காத்துக் கிடந்தவள் நான், விசாரிப்பு மதினிக்கு! வயிறு எரியுமா எரியாதா?

மதினி என்றது என் ஓரகத்தியை, அவருடைய அண்ணன் மனைவியை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். புருஷன் இறந்த பிறகு காரைக்குடியில் எங்களோடுதான் இருந்தார். அறுபதுகளின் கடைசியில் ஊட்டிக்குப் போய்வந்த என் வீட்டுக்காரர் ஒரு ஒட்டுரோஜாச் செடியைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்தச் செடிக்குப் பக்கத்தில்தான். அது தெரிந்தேதான் பின்னால் ஒருநாள் அந்த வார்த்தையைக் கேட்டேன்.

ஐப்பசியில் மழை விழுந்ததும் அக்கா கவாத்து பண்ணுவார். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே சாய்வாக ஒரு வெட்டு, வெட்டுவாயில் கொஞ்சம் சாணி. தூரைச் சுற்றி ஆட்டுப்புழுக்கை. துளிர்த்த கிளைகளை மெல்ல வளைத்து, மூங்கில் தட்டியில் வாழைநாரால் கட்டுவார். வளைத்துக் கட்டினால்தான் கணுவுக்குக் கணு மொட்டு விடுமாம். தை மாதம் தட்டி முழுக்கச் சிவப்பாகப் பூக்கும். அத்தனையும் என் தலைக்குத்தான் வந்தது. தாலி இழந்தவர் பூ வைப்பது அன்றைக்கு எங்கள் பக்கம் நடக்காத காரியம்.

மூன்றாவது வருஷம் என் வீட்டுக்காரரை நாலு மாதத்துக்கு மெட்ராஸுக்கு அனுப்பியிருந்தார்கள். கார்த்திகையில் செடியின் தூரிலிருந்து ஒரு கிளை புறப்பட்டது. அடேயப்பா, என்ன வேகம்! பதினைந்தே நாளில் என் இடுப்பு உயரம் வந்துவிட்டது. அவர் வரும்போது நான் வளர்த்தது என்று காட்டலாமே என்று நானே அதைத் தட்டியில் கட்டினேன். அக்கா கத்தியோடு வந்தார்.

“தங்கச்சி, இத விடக் கூடாதும்மா. ஒட்டுக்குக் கீழ கிளம்பிருக்கு, இது அடிவேரோட காட்டு ரோஜா. இலையப் பாரு, ஏழேழா இருக்கு. நம்மது அஞ்சு. இத விட்டா மேல இருக்கிறது செத்துப்போகும்.”

கேட்டேனா? “ஏன், நான் கட்டுனா ஆகாதோ? உங்களுக்கு எதுக்கு இம்புட்டு அக்கறை? நீங்க என்ன, தலையில வச்சுக்கவா போறீக?”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். கடிக்கவில்லை. ஜெயித்துவிட்ட மாதிரி நின்றேன். அக்கா கத்தியை மடக்கிக் கிணற்றடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு அந்தச் செடிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மார்கழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய கிளைகள் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தன. “தப்பாப் பேசிட்டேன்க்கா, வந்து பாருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செடி பிழைத்திருக்கும். வீம்பு, பாழாய்ப்போன வீம்பு. தையில் நான் கட்டிய கிளைதான் பூத்தது, சின்னச் சின்னதாக, வெளுத்த பூ, காலையில் மலர்ந்து மதியத்துக்குள் உதிர்ந்தது. மாசியில் பழைய தண்டைத் தொட்டேன், கையோடு ஒடிந்து வந்தது.

என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்ததும் நேரே தட்டிக்குப் போனார். அக்காவைக் கூப்பிட்டார்.

“என்ன மதினி இது? உங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்?”

நான் சொம்புத் தண்ணீரோடு பக்கத்திலேயே நிற்கிறேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

“எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல தம்பி. காட்டுக் கிளைனு தெரியாம விட்டுட்டேன்.”

“தெரியலைன்னா யாரையாச்சும் கேக்கக் கூடாதா?” என்று சலித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா இறக்கும்வரை திறக்கவில்லை.

என்மேல் இரக்கப்பட்டுத்தான் பழியை வாங்கிக்கொண்டார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இரக்கமாவது! நடந்ததைச் சொல்வதென்றால், ‘தலையில வச்சுக்கவா போறீக’ என்று நான் கேட்டதைக் கொழுந்தன் எதிரில் அக்கா தன் வாயாலேயே திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குக் கண் தெரியாதவள் என்ற பேரே மேல் என்று எடுத்துக்கொண்டார்.