சிவப்பு மசி பூசிய வானம்

எங்கள் குடியிருப்புச் சங்கக் கட்டிடத்தில் ஒரு பழைய போட்டோ தொங்குகிறது. ஆரப்பாளையத்துக்கு மேற்கே, வயலுக்கு நடுவில் முதன்முதலாக எழும்பிய வீடு அது. பார்க்கிற இளவட்டங்கள், "அந்தக் காலத்துல வானம் எம்புட்டு சுத்தமா இருந்திருக்கு!" என்று வியப்பார்கள். படத்தை எடுத்தவன் நான். வானத்தைச் சுத்தம் செய்தவனும் நானேதான். அதைப் பற்றி அவர்களிடம் நான் வாய் திறந்ததில்லை.

இரண்டாவது உலகச் சண்டைக்குச் சில ஆண்டுகள் முந்தி நடந்தது. வயலை வாங்கி மனைகளாகப் பிரித்து விற்ற ஒரு கம்பெனி, விளம்பரத்துக்காக என்னை அழைத்திருந்தது. ஸ்டூடியோ வைத்த புதிது, தலைகால் தெரியாமல் இருந்தேன். வீட்டுக்கு வலப்புறம் மேட்டில் ஒரு கிணறு. குத்தகைக்காரர் ஒருவர் ஏற்றம் மிதித்துக்கொண்டிருந்தார். கீழே அவர் மனைவி, மேலே வரும் சால் வாளியைப் பிடித்துத் தண்ணீரைச் சாய்த்துவிடுவது, கரை மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை. அவர் மட்டும் ஏற்றமரத்தின் மேல், வானத்தில் நடப்பவர் மாதிரி இருந்தார். அழகாக இருக்கிறதே என்று நானாகத்தான் கூப்பிட்டேன்.

"அண்ணே, அசையாம நில்லுங்க. படம் புடிக்கிறேன்."

அவர் தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். கீழே கிணற்றடியை எட்டிப் பார்த்து, "ஏ புள்ள, என்னையப் படம் புடிக்கிறாக!" என்று சத்தம் கொடுத்தார். பிறகு கைப்பிடி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கி நின்றார். இறங்கி வந்ததும், "எனக்கும் ஒண்ணு தருவீகளாண்ணே?" என்றார். தாரேன் என்றேன்.

கம்பெனி ஏஜெண்டு படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன மாப்ள, ஏத்தம் மிதிக்கிறவனையும் சேத்துப் புடிச்சு வச்சிருக்க? இதப் பாத்தா எவன் டவுனுன்னு நம்புவான்? ஆள எடுத்துரு."

எடுப்பது பெரிய வித்தையில்லை. கண்ணாடித் தகட்டில் வேண்டாத இடத்தின் மேல் சிவப்பு மசியைப் பூசிவிட்டால், காகிதத்தில் அந்த இடம் வெள்ளையாக விழும். எல்லா ஸ்டூடியோவிலும் செய்வதுதான். மெல்லிய தூரிகையால் முதலில் ஏற்றமரத்தையும், பிறகு காலையும், கடைசியாகத் தலைப்பாகையையும் மூடினேன். ஏற்றத்தின் கல்தூண்கள் இரண்டும் மட்டும் மிஞ்சின. கை சுத்தம் என்று ஏஜெண்டு முதுகில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, வெட்கங்கெட்டவனுக்கு.

குத்தகைக்காரர் இரண்டு தடவை ஸ்டூடியோவுக்கு வந்து படம் கேட்டார். இன்னும் கழுவவில்லை என்று இரண்டு தடவையும் அனுப்பிவிட்டேன். மசியை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு ஒரு பிரதி போட்டுக் கொடுத்திருக்கலாம், கால்மணி நேர வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் கிணற்றைத் தூர்த்து மனைக்கல் ஊன்றிவிட்டார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

சண்டை வந்து சரக்கு வருவது நின்றது. கண்ணாடிக்கு ஏகக் கிராக்கி. பழைய தகடுகளைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, பிரேம் போடும் கடைக்குக் கொடுத்தோம். அந்தத் தகடும் அதில் போயிற்று. இப்போது யார் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறதோ!

அதற்கடுத்த தை மாதத்தில் ஒரு பெண் ஸ்டூடியோ படியேறி வந்தாள். வெள்ளைச் சேலை.

"வாடிப்பட்டியில இருந்து வாரேண்ணே. ஏத்தக்காரரு சம்சாரம். அவுக போயி ஒரு வருசமாகப் போகுது. கும்புடறதுக்கு மொகம் இல்ல. நீங்க புடிச்ச படம் ஒண்ணுதான்."

என்னிடம் இருந்த ஒரே பிரதியை எடுத்துவந்து நீட்டினேன். அவள் வீட்டைப் பார்க்கவில்லை. கல்தூண்களை விரலால் தொட்டு, அங்கிருந்து மேலே போனாள். விரல் வெள்ளையில் நின்றது.

"இங்கிட்டுத்தானண்ணே நின்னாக? ஆளக் காணாமே?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "வெயிலு அடிச்சு வெளுத்திருச்சும்மா" என்று வந்தது.

அவள் சந்தேகப்படவேயில்லை. தலையை ஆட்டினாள்.

"ஆமாண்ணே. அவுக மேல வெயிலு அடிக்காத நாளு ஏது?"

முந்தானையால் படத்தைத் துடைத்து, அந்த வெள்ளை இடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இது போதும். நின்ன எடமாச்சும் இருக்கே. நீங்க நல்லா இருக்கணும்ணே" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

கம்பெனிக்குப் போன பிரதி ஒன்றுதான் இப்போது சங்கத்துச் சுவரில் இருக்கிறது. கூட்டத்துக்குப் போனால், அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறேன்.