கெட்ட மாமாவாக நடித்தவர்

பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது எங்கள் பாடசாலை அதிபர் கைத்தொலைபேசியில் அழைத்தார். "ரோசலின் டீச்சர் காலையில தவறிட்டாங்க" என்றார். மழை விட்டபாடில்லை. பஸ் வந்தது, ஏறினேன், உட்கார இடமும் கிடைத்தது. அழக்கூட அலுப்பாக இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவரும் நானும் சேர்ந்தே நரைத்தவர்கள். நான்தான் முந்திக்கொள்வேன் என்று நினைத்திருந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய வெள்ளிக்கிழமை நாடகமும் தெரிந்திருக்கும். கடைசிப் பாடவேளையில் மேசைகளை ஒதுக்கிவிட்டு, தன் கணவரின் பழைய கம்பளித் தொப்பியை மாட்டிக்கொள்வார். தொப்பி ஏறியதும் டீச்சர் மறைந்து, பிள்ளைகளை ஏய்த்துக் கூட்டிப்போக வந்த ஆள் ஒருவர் நிற்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து அவரிடம் மறுப்புச் சொல்லிப் பழக வேண்டும்.

முதல் நாள் அது கேலிக்கூத்தாகிப் போனது. "நான் உங்களுக்குத் தெரியாத ஆளு. உங்க லயத்து வீட்டுக்கு வர்றேன். என்ன செய்வீங்க?" என்று ஆரம்பித்தார். ஒரு பிள்ளை எழுந்து, பவ்வியமாகக் கையைக் கட்டிக்கொண்டு, "வாங்க மாமா, ஒக்காருங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றது. வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு நடக்கும்போது ரோசலின் சிரிக்கவில்லை. "நம்ம லயத்துல தெரியாத ஆளுன்னு யாரு டீச்சர் இருக்கா? வர்றவங்க எல்லாம் மாமா, சித்தப்பா. நான் நாடகத்தையே தப்பாப் போட்டுட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் அந்த ஆள் மாமாவானார். அம்மாவை நலம் விசாரிப்பார், தேனொழுகப் பேசுவார். பிள்ளை கைகட்டி நின்றால் மட்டும் தொப்பியைக் கழற்றிவிடுவார். "கையை எடு கண்ணு. மரியாதை வாயில இருந்தாப் போதும். 'வர மாட்டேங்க மாமா'ன்னு சொல்லு."

இதற்காகப் பெற்றோர் சிலர் சண்டைக்கே வந்தார்கள். "பெரியவங்கள எதுத்துப் பேசவா புள்ளைய அனுப்புறோம்?" என்று ஒருவர் கத்தினார். "எதுத்துப் பேசலண்ணே, மறுத்துத்தான் பேசுது" என்றார் ரோசலின். அவர்களையும் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கடைசியாக அவர் பாடுபட்டது கவிதாவுக்காக. எட்டாம் வகுப்புப் பிள்ளை. அம்மா வழியில் தூரத்து மாமா ஒருவர், கொழும்பில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்க அவளைக் கூட்டிப்போகத் துடித்துக்கொண்டிருந்தார். அம்மா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கவிதா எழுந்து நிற்பாள், கையைக் கட்டிக்கொள்வாள், கண் கலங்கும், வாய் வராது. அப்போதே ரோசலினுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. தொப்பியோடு நாற்காலியில் சாய்ந்து, "வரும் டீச்சர், அதுக்கும் வாய் வரும்" என்பார். எனக்கு நம்பிக்கை இல்லை.

மரண வீட்டுக்கு அந்த மாமாவும் வந்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவிதாவின் அம்மாவிடம் குனிந்து, "தீபாவளிக்கு முந்தியே கூட்டிட்டுப் போறேன் அக்கா. டீச்சரும் இல்ல, இனி யாரு கேக்கப்போறா?" என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் அம்மாவுக்குப் பின்னால் கைகட்டி நின்ற கவிதா கையை எடுத்துவிட்டாள்.

"நான் வர மாட்டேங்க மாமா. நான் படிக்கணும்."

குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் அறை முழுக்கக் கேட்டது. "என்ன அக்கா, புள்ள இப்படிப் பேசுது?" என்றார் அவர். கவிதாவின் அம்மா ரோசலினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதான் சொல்லிருச்சுல்ல தம்பி" என்றார். ரோசலின் இதைக் கேட்காமல் போய்விட்டாரே என்று அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவருடைய கணவர் அந்தத் தொப்பியை என்னிடம் கொடுத்தார். ரோசலினிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான். ஓய்வுபெற நாள் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இது தேவையா என்றுகூட நினைத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை பிள்ளைகள் மேசைகளை ஒதுக்கிவைத்துக் காத்திருந்தார்கள். தொப்பியை மாட்டிக்கொண்டு, கண்ணை உருட்டி ஓர் அதட்டல் போட்டேன்.

கவிதா எழுந்தாள். "அப்படி இல்லீங்க டீச்சர். கெட்ட மாமா அதட்ட மாட்டாரு. அன்பாத்தான் பேசுவாரு."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடி தொடங்கினேன். "கண்ணு, அம்மா நல்லா இருக்காங்களா?"