கடித்தால் நல்லது

கடலூரில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் சிதம்பரத்தில் ஒரு கிளினிக்குக்கும் போவேன். போன பலா சீசனில் அங்கே ஒரு லாரி டிரைவர் தன் நாட்டு நாயைக் கோணிப்பையில் ஏந்திக்கொண்டு வந்தார். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிப் போகிறவர். நாய்க்கு ஆறு வயது. குட்டியிலிருந்தே கேபினில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து போகுமாம்.

"நேத்து கேபின்லேர்ந்து குதிச்சுது. இன்னிக்கு பின்னங்கால் ரெண்டும் வரல. எல்லாரும் ஊசி போட்டு முடிச்சுடச் சொல்றாங்க. நீங்களும் அதயேதான் சொல்லப்போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க டாக்டரம்மா."

"பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

முன்னங்கால்கள் நன்றாக இருந்தன. பின்பாதத்தை மடக்கி, புறங்கால் தரையில் படும்படி வைத்தேன். நரம்பு சரியாக இருக்கும் நாய் உடனே திருப்பி வைத்துக்கொள்ளும். இது வைத்தது வைத்தபடியே இருந்தது. இடுப்பிலிருந்து மேல்நோக்கி முதுகுத் தோலைக் கிள்ளிக்கொண்டே போனேன். நடுமுதுகுக்கு வந்த பிறகுதான் தோல் துடித்தது. தண்டுவடத்தில் அடி அந்த இடத்துக்குக் கொஞ்சம் தலைப்பக்கமாகத்தான் இருக்க வேண்டும். முழங்காலில் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினால் கால் வேகமாக உதறியது. விரலைக் கிள்ளினால் காலை இழுத்துக்கொண்டது.

டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். "கால இழுக்குது பாருங்க! உணர்ச்சி இருக்கு!"

வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படி நம்பி ஒரு வீட்டில் நாய் நடந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். அது நடக்கவேயில்லை.

"அண்ணே, கால் தானாவே இழுக்கும். அதுக்கு மூளை வேணாம். வலி தலை வரைக்கும் போகுதான்னு பாக்கணும். நீங்க அது மூஞ்சியப் பாருங்க, கால பாக்காதீங்க."

முகம் தெரிய வேண்டும் என்பதற்காக வாயைக் கட்டவில்லை. இடுக்கியால் வலது பின்விரலின் எலும்பை அழுத்தினேன். கால் மடங்கியது. நாய் சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் அழுத்தினேன். ஒன்றுமில்லை. டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இடது காலுக்கு மாறினேன். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்சம் கூடுதலாக அழுத்தியதும் நாய் சட்டென்று திரும்பி என் கோட்டுக் கையைக் கவ்வியது.

"ஏய் விடு! விடுடா!" என்று அவர் கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கடிக்க வருது, சிரிக்கறீங்களே?"

"அதுக்கு வலிக்குது அண்ணே. ஒரு கால்லயாவது வலிக்குது. நடக்க வாய்ப்பு இருக்கு. உறுதியா சொல்ல முடியாது."

மாத்திரை கொடுத்தேன். கூண்டில் அசையாமல் வைத்திருக்கச் சொன்னேன். தானாக மூத்திரம் போகாது, வயிற்றை எப்படி அமுக்கி எடுப்பது என்று காட்டினேன். முதல் தடவையே சரியாகச் செய்தார். லாரியை மச்சானிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார்.

ஐந்தாவது வாரம் நாய் கிளினிக் வாசலிலிருந்து தானே நடந்து வந்தது. பின்பக்கம் ஆடியது, டைல்ஸில் இரண்டு தடவை சறுக்கியது. பாதத்தை மடக்கி வைத்தேன். இடது கால் உடனே திரும்பியது. வலது கால் யோசித்துத் திரும்பியது.

"இனிமே கேபின்ல ஏத்தலாமா?"

"கூடாது. ஏறவும் கூடாது, குதிக்கவும் கூடாது."

"அப்போ நான் கொஞ்ச நாளைக்கு லோக்கல் வண்டியே ஓட்டிக்கறேன், ராத்திரி வீட்ல இதுகூட இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டார்.