மிளகாய் அறையின் தாழ்ப்பாள்

எங்கள் வீட்டு உள்ளறைக் கதவில், அந்தக் கதவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பழைய இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கிறது. கிராமத்து வீட்டை இடித்தபோது நான் கேட்டு வாங்கி வந்தது அது ஒன்றைத்தான். பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒரு மட்டமான சினிமாவால் வந்த தாழ்ப்பாள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். உச்சிப்புளிப் பக்கம் போட்டிருந்த டூரிங் கொட்டகைக்கு, மாலை ஆட்டத்துக்கு, அய்யாவின் தங்கையான என் அத்தை என்னையும் அழைத்துப் போனாள். முகமூடிக்காரன் ஒருவன் விடுதிப் பெண்களை வரிசையாக வெட்டிக் கொல்லும் படம். ரத்தம் கேசரிப் பவுடர் நிறத்தில் இருந்தது. முகமூடியின் மூக்கு ஒரு காட்சியில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் கோணியிருந்தது. அதையாவது மன்னிக்கலாம். சாகப்போகும் ஒவ்வொருத்தியையும் முதலில் குளிக்க வைத்து, அதன்பிறகே கொன்ற அந்த இயக்குநரை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்கள் பக்கம் நாங்கள் தலையைக் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தோம்.

ஆனால் அந்த இயக்குநருக்கும் ஓர் இடத்தில் கைகூடி வந்திருந்தது. கடைசிப் பெண் ஓர் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்துகிறாள். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. முதுகைக் கதவில் கொடுத்து நிற்கிறாள். சத்தமே இல்லாமல் கதவு மெல்ல உள்ளே நகர்ந்து, திரும்பிப் போகிறது. பிறகு வெளியிலிருந்து அன்பாகக் கூப்பிடும் குரல், அத்தனை நாளும் அவளுக்குச் சோறு போட்ட விடுதிக்காரருடையது. அத்தையின் கை என் கையை இறுக்கியது. அந்த வலி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் ஊரில் உள்ளறை என்றால் மிளகாய் மூட்டை அடுக்கும் அறை. பூட்டுவது சரக்குக்காகத்தான் என்பதால் நாதாங்கி வெளிப்பக்கம் மட்டுமே இருக்கும். கல்யாணமாகாத அத்தையும் நானும் படுப்பது அந்த அறையில்தான். மறுநாள் காலையிலேயே அத்தை அய்யாவிடம் போய் நின்றாள்.

"அண்ணே, படத்தப் பாத்ததுல இருந்து ஒரே பயமா இருக்கு. உள்பக்கம் ஒரு தாழ்ப்பா போட்டுக் குடுங்கண்ணே."

"ஏத்தா, சினிமாக்காரன் அரிவாளத் தூக்கிக்கிட்டு இங்கனயா வாரான்?"

"வாரான்னுதாண்ணே தோணுது."

அய்யா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் ஆசாரியைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்.

மிளகாய்ப் பழம் காயும் நாட்கள் அவை. ஒரு மத்தியானம் வீட்டார் எல்லாரும் களத்தில் இருந்தார்கள். காய்ச்சலில் கிடந்த எனக்குத் துணையாக அத்தை மட்டும் அறைக்குள் இருந்தாள். முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டதுமே எழுந்து தாழ்ப்பாளைப் போட்டாள். கதவு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

"ஆத்தா, நாந்தான். கதவத் திற. குடிக்கத் தண்ணி வேணும்."

மிளகாய் வாங்க வரும் பெரியப்பா. அய்யாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. எனக்கு மிட்டாய் வாங்கி வருபவரும் அவர்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தையின் உள்ளங்கை என் வாயை மூடியது. தண்ணீர்ப் பானை அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே, வெளியேதான் இருந்தது. கதவு இன்னொரு முறை, பலமாக அசைந்தது. தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் அவர் அய்யாவோடு உட்கார்ந்து காப்பி குடித்தார். "சினிமா பாத்துப் பயந்த புள்ள எங்கப்பா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அவர் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யார் நம்பியிருப்பார்கள்? பயந்தாங்கொள்ளி என்ற பட்டத்தை அவள் கல்யாணமாகிப் போகும்வரை சுமந்தாள். அய்யா சாகும்வரை அந்தக் கேலியை விடவில்லை.

சென்ற மாதம் அத்தை வந்திருந்தபோது, ஒரு மத்தியானம் டிவியில் அதே படம் ஓடியது. "இந்தக் குப்பைக்கா பாட்டி பயந்தீங்க?" என்று என் மகள் சிரித்தாள். குப்பைதான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கதவுக் காட்சி முடிந்ததும் எழுந்தாள்.

"அந்தப் படத்துக்கு நான் என்னைக்குத்தா பயந்தேன்?"

சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள். வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள் மட்டும்தான் இருந்தோம். ஆனாலும் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.